மருந்து “இல்லை” என்பதும் ஒரு தகவல்தான்

1/ அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். 2011-ல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கினப்போ பின்பற்றியது இந்த முறையைத்தான்.

2/ இதோட உயிர்நாடி கணக்கு. போன வருஷச் செலவை வெச்சுத்தான் அடுத்த வருஷத் தேவையை மதிப்பிடறோம்.

3/ சிக்கலும் அங்கதான். ஒரு மருந்து ரெண்டு மாசம் ஸ்டாக் இல்லைன்னு வைங்க. செலவு பூஜ்ஜியம். தேவையும் பூஜ்ஜியமா? நோயாளி வெளியில வாங்கியிருப்பார், இல்ல சாப்பிடாமலே இருந்திருப்பார். ரெண்டும் கணக்குல வராது. அடுத்த முறை இன்னும் குறைவா கேட்போம்.

4/ பௌர்ணமி கிரிவலத்துக்கு எகிறும் ஓஆர்எஸ் தேவை வருஷ சராசரியில தெரியாது. ஜவ்வாது மலைப் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்துல கணக்கு தப்பினா, போறது ஒரு உயிர்.

5/ புது ஆப் வரட்டும். அதுல “எழுதிக்கொடுத்தும் கிடைக்காதது”ன்னு ஒரு கட்டமும் வரட்டும். அதை நிரப்புற மருந்தாளுநரைத் திட்டாதீங்க. திட்டினா அடுத்த மாசம் எல்லாமே “இருக்கு”ன்னுதான் வரும்.

6/ மருந்து இல்லைன்னா சும்மா திரும்பாதீங்க. 104-க்குச் சொல்லுங்க. உங்க புகாரும் ஒரு தகவல்தான்.