செய்தியோடையை மூடாதீர்கள்

இணையத்தில் வாசகரின் கையில் இன்னும் மிஞ்சியிருக்கும் உரிமைகளுள் ஒன்று சத்தமில்லாமல் பறிபோய்க்கொண்டிருக்கிறது. ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை நுட்பத்தைத்தான் சொல்கிறோம். ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பையும் சுட்டியையும் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. வாசகரின் செயலி அதை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கைப்பேசி எண் தர வேண்டியதில்லை. எதை முதலில் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று நடுவில் நின்று தீர்மானிக்க ஒருவரும் இல்லை.

1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தொடங்கிய இந்த நுட்பத்தை அடுத்தடுத்துக் கைவிட்டவர்கள் பெரிய நிறுவனங்களே. 2013 ஜூலை 1-ல் கூகுள், ஓடைகளைப் படிக்க உதவிய தன் ரீடர் சேவையை மூடியது. அதே ஆண்டில் ட்விட்டர் தன் ஓடைகளை நிறுத்தியது. 2018 டிசம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 64, ஓடைகளைப் படிக்கும் வசதியை நீக்கியது. இப்போது எக்ஸ்எஸ்எல்டி நுட்பத்தையும் உலாவியிலிருந்து எடுத்துவிடப்போவதாக குரோம் தரப்பு அறிவித்திருக்கிறது. உலாவியில் ஓடைக் கோப்பைத் திறப்பவருக்குக் குறியீட்டுக் குவியலுக்குப் பதில் படிக்கத்தக்க பக்கத்தைக் காட்டப் பல தளங்கள் நம்பியிருப்பது அதைத்தான். பழைய நிரல், பாதுகாப்பு ஓட்டைகள், பராமரிக்க ஆளில்லை என்கிறார்கள். ஓட்டைகள் இருப்பது உண்மை. ஆனால் உலகமே பயன்படுத்தும் உலாவிகளின் அடித்தளத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்களின் தலையில் இத்தனை ஆண்டுகள் சுமத்திவைத்தது யார்?

ஓடை எப்போதோ செத்துவிட்டது என்று வாதிடுவோர் பாட்காஸ்ட் கேட்பதில்லை போலும். ஒரே நிகழ்ச்சியை விரும்பிய செயலியில் கேட்க முடிவது ஓடையால்தான். ஒலிக்கோப்பை அதில் இணைக்கும் வழியை மென்பொருளாளர் டேவ் வைனர் 2000-ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டார். பாட்காஸ்ட் தொகுப்பாளர் ஜோ ரோகனின் நிகழ்ச்சியை 2020-ல் தன் வேலிக்குள் கொண்டுபோன ஸ்பாட்டிஃபையே, 2024-ல் அதை மற்றத் தளங்களுக்கும் திறந்துவிட்டது.

இழப்பு என்ன என்பது தமிழருக்குப் புதிதல்ல. 2000-களின் நடுவில் வலைப்பதிவுகள் பெருகியபோது, கொழும்பிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் எழுதியவர்களைத் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஒரே பக்கத்தில் சேர்த்தன. திரட்டியவை எல்லாம் ஓடைகளே. பிறகு எழுதுவோர் ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே எழுதப்பட்ட நல்ல கட்டுரைகளை இன்று எந்தத் திரட்டியாலும் எடுக்க முடியாது. எழுதியவரே தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை.

ஓடை தராமலிருக்கச் செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. வேர்ட்பிரஸ் மென்பொருள் தானாகவே ஓடையை உருவாக்கித் தருகிறது. தளத்தைப் புதுப்பிக்கும்போது யாரும் முடிவெடுக்காமலே, கவனக்குறைவில் அது தொலைகிறது என்பதுதான் வேதனை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் தளம் இன்றும் எச்சரிக்கைகளை ஓடையாக வெளியிடுகிறது. மற்ற அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தம் அறிவிப்புகளை அப்படியே தர வேண்டும். தளம் அமைக்கும் ஒப்பந்தத்திலேயே அதை நிபந்தனையாக்க வேண்டும். நாளேடுகளும் இதழ்களும் முகப்புப் பக்கத்தில் ஓடைக்கான சுட்டியைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். எக்ஸ்எஸ்எல்டியை நம்பியிருக்கும் தளங்கள், குரோம் அதை நீக்குவதற்குள் தம் ஓடைப் பக்கங்களை மாற்றியமைத்துவிட வேண்டும். உங்களுக்குப் பிடித்த தளத்தில் ஓடை இல்லையென்றால், அதன் ஆசிரியருக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்.