டேட்டாபேஸ் எதுக்கு? ஃபைல் போதுமே!



டிப்ளமோ படிப்புக்கு மூன்று வருஷம். மாணவர் சங்க நிர்வாகத்துக்கு ஒரே வருஷம். ஆனால் ஒரு வெப்சைட்டுக்கு எத்தனை வருஷம் ஆயுசு இருக்கணும்? இந்தக் கேள்வியை யாருமே கேட்கிறதில்லை. ஆரம்பிக்கிற அன்னைக்கு ஒரே கொண்டாட்டம், கைதட்டல், போட்டோ! இரண்டு வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் திரை. செய்து கொடுத்த அண்ணன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போயிட்டார். பாஸ்வேர்டும் அவர்கூடவே பஸ் ஏறிடுச்சு!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர், சின்னச் சங்கம், சின்ன டிபார்ட்மென்ட் இவற்றின் வெப்சைட்டுக்கு டேட்டாபேஸ் வேண்டாம். ஃபைல்களை மட்டும் நம்பி ஓடுகிற எளிய சி.எம்.எஸ். ஒன்றை நாமே நிறுவிக்கொள்ளலாம். காசு மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நமக்கு அடுத்து வருகிற பேட்ச் அதைக் கையில் எடுத்து நடத்த முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளையும் நோட்டுப் புத்தகமும்

சி.எம்.எஸ். என்றால் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. புரோகிராம் எழுதத் தெரியாதவரும் பிரவுசரில் டைப் செய்து, 'சேமி' பட்டனை அழுத்தினால் பக்கம் வெளியாகிவிடும். 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் இதில் பெரிய பெயர். அது நாம் எழுதுகிறதை மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி டேட்டாபேஸில் போட்டு வைக்கிறது.

டேட்டாபேஸ் என்பது பெரிய மண்டியில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்வார். ஆனால் அவருக்கு எப்போதும் ஒரு நாற்காலி (மெமரி) வேணும், தனிச் சாவி (யூசர், பாஸ்வேர்டு) வேணும். அவர் இல்லாத நாளில் கடையே திறக்காது. பெட்டிக்கடைக்கு எதுக்குங்க கணக்குப்பிள்ளை? அங்கே ஆணியில் தொங்குகிற ஒரு நோட்டு போதும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், ஜெராக்ஸ் போடலாம். ஃபைல் வழி சி.எம்.எஸ். அந்த நோட்டுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அவ்வளவே!

எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன அமைப்பின் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினார்கள். டேட்டாபேஸை இறக்கி ஏற்றும்போது எழுத்துக் குறியீட்டைக் கவனிக்கவில்லை. தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நின்றது! ஒரு வரிசையில் முப்பது கேள்விக்குறி. யாரிடம் போய்க் கேட்பது? மூன்று வருஷத்து அறிவிப்பும் போச்சு. அதையே யூடிஎஃப்-8 டெக்ஸ்ட் ஃபைலாக வைத்திருந்தால், ஃபோல்டரை அப்படியே காப்பி செய்திருக்கலாம். வேலை முடிந்திருக்கும்.

கையில் ஃபைல் இருந்தால்...

'மதுரைத் திட்டம்' கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். நூலுக்கு ஒரு எண், அந்த எண்ணில் ஒரு ஃபைல். டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் வந்தவை பிறகு யூனிகோடுக்கு மாறின. எழுத்து முறை மாறியது, கம்ப்யூட்டர்கள் மாறின, நூல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. காரணம், அவை எளிய ஃபைல்கள்!

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இலவச வெப்சைட் கொடுத்து வந்த ஜியோசிட்டீஸை யாஹூ நிறுவனம் 2009-ல் இழுத்து மூடியது (ஜப்பானில் மட்டும் 2019 வரை ஓடியது). தங்கள் ஃபைலைத் தாங்களே வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் கடை போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் எழுதியது அந்தத் தளத்தோடு போனது. நம்ம பொருள் நம்ம கையில் இருக்கணும் என்று பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

எளாவூருக்கு என்ன வேணும்?

நான் எளாவூர்க்காரன். சூலூர்பேட்டை ரயிலில் கும்மிடிப்பூண்டி தாண்டினால் எங்கள் ஸ்டேஷன். ரோட்டில் வருகிறவர்களுக்கு எளாவூர் என்றால் செக்போஸ்ட் மட்டும்தான் ஞாபகம் வரும்! கிழக்கே போனால் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமங்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் கிளம்புவதை உலகமே லைவில் பார்க்கிறது. இந்தப் பக்கம் ரயில் நேரத்தைக்கூட நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வேண்டிய செய்திகளை எண்ணிப் பார்த்தேன். ரயில் நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல் மீன்பிடித் தடைக்கால விவரம். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடம் முகாம், நிவாரண மனுவுக்கு என்னென்ன நகல். எல்லாம் சேர்த்தாலும் இருநூறு பக்கம் தாண்டாது.

யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஐந்நூறு வார்த்தைப் பக்கம் சுமார் 13 கே.பி. இருநூறு பக்கம் 2.6 எம்.பி. ஒரு சினிமாப் பாட்டு எம்பி3 இதைவிடப் பெரிசு! இதுக்குப் போய் டேட்டாபேஸா?

ஒன்று மட்டும் சொல்லணும். ஏரியில் 'பாடு' முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற பழைய ஏற்பாடு. அந்த வரிசையை வெப்சைட்டில் போடலாமா கூடாதா என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் முடிவு செய்யணும். டெக்னாலஜி தெரியும் என்பதற்காக நாம் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்ளக் கூடாது.

செய்முறை இதோ!

நான் சிபாரிசு செய்வது டோக்குவிக்கி. ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கோர் 2004-ல் வெளியிட்டது. இலவசம், கட்டற்ற மென்பொருள். கிராவ் என்று இன்னொன்றும் நல்லாயிருக்கும். லேபில் எக்ஸாம்ப் போட்ட எந்த கம்ப்யூட்டரிலும் பழகலாம்.

ஜிப் ஃபைலை இறக்கி, பிரித்து, சர்வர் ஃபோல்டரில் வையுங்கள். பிரவுசரில் 'இன்ஸ்டால்' பக்கத்தைத் திறந்து தளத்தின் பெயர், நிர்வாகி பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். 'பப்ளிக் விக்கி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் படிக்கலாம், பதிவு செய்தவர் மட்டும் எழுதலாம். முடிந்ததும் அந்த இன்ஸ்டால் ஃபைலை மறக்காமல் அழித்துவிடுங்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்!

எழுதிய பக்கங்கள் 'டேட்டா' ஃபோல்டருக்குள் 'பேஜஸ்' என்ற இடத்தில் இருக்கும். திருத்தினால் பழைய வடிவம் 'அட்டிக்' ஃபோல்டருக்குப் போகும். அட்டிக் என்றால் நம்ம வீட்டுப் பரண்தான்! யாராவது தப்பாக மாற்றினாலும் பரணிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஒருவர் திருத்தும்போது அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு பேர் மோதிக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 'டேட்டா' ஃபோல்டரை வெளியார் நேரடியாகத் திறக்க முடியாதபடி சர்வரில் தடுக்கணும். இரண்டு, பக்கத்தின் பெயர். டோக்குவிக்கி இயல்பாகவே தமிழ்ப் பெயரைச் சதவீதக் குறி போட்டு மாற்றித்தான் ஃபைலாக வைக்கும். அப்போது ஒரு குறியீடு 9 எழுத்து இடம் பிடிக்கும். 'எளாவூர்' என்ற பெயருக்கே 63 போய்விடும்! ஃபைல் பெயர் பொதுவாக 255-ஐத் தாண்டக் கூடாது. அதனால் ஃபைலுக்குச் சின்னதாக ஆங்கிலப் பெயர், உள்ளே தலைப்பு முழுத் தமிழில். இதுதான் உத்தமம்.

எதிர்க்கேள்விகள்

"வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டால் போதாதா?" என்பார்கள். இன்றைய செய்திக்குப் போதும். போன வருஷம் என்ன நகல் கேட்டார்கள் என்று தேடிப் பாருங்கள், குட்மார்னிங் படங்களுக்கு நடுவே கட்டைவிரல் தேய்ந்துவிடும்!

"டேட்டாபேஸே தேவையில்லையா?" அப்படிச் சொல்லவில்லை. ரயில் டிக்கெட் முன்பதிவு, வங்கிக் கணக்கு, லட்சம் பேர் பார்க்கும் தேர்வு முடிவு... இதற்கெல்லாம் டேட்டாபேஸ்தான் வேணும். ஆட்டுக்குத் தகுந்த மாதிரி வாலை அளந்து வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

"பாதுகாப்பு?" ஃபைல் வழி சி.எம்.எஸ்.ஸும் சாஃப்ட்வேர்தான். புது பதிப்பு வந்தால் அப்டேட் செய்யணும். அதற்கு முன்னால் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. சங்கத்தின் தளத்தை ஃபைல் வழி சி.எம்.எஸ்.ஸுக்கு மாற்றுவோம். புது நிர்வாகிகள் பதவியேற்கும் நாளில், பழைய செயலாளர் ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், கணக்கு நோட்டு ஒப்படைக்கிறாரே, அதோடு அந்த ஃபோல்டர் உள்ள பென்டிரைவையும், பாஸ்வேர்டு எழுதிய கவரையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். இரண்டாம் ஆண்டு தம்பி தங்கைகளே, உங்களில் நாலு பேர் முன்வந்தால் சனிக்கிழமை மதியங்களில் லேபில் உட்கார்ந்து சொல்லித்தர நான் ரெடி. நான் பாஸாகிப் போவதற்குள் வாங்க!

— மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு