ஏரியும் எரியும்: திரைத் தமிழ் குறித்து

எழுத்து எப்படித் தெரிந்தால் என்ன, எழுதியது என்ன என்பதுதானே முக்கியம் என்று கேட்கிற இலக்கிய நண்பர்கள் நம்மிடையே உண்டு. சிற்றிதழ் ஒன்றின் தாளைப் பற்றியும் அட்டை ஓவியத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் சண்டையிடும் அதே நண்பர்கள், லினக்ஸ் கணினியில் பிசிறடித்தும் உடைந்தும் தெரியும் தமிழை ஒரு முணுமுணுப்பும் இன்றிப் படித்துக்கொண்டிருப்பார்கள். இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும் என்பது அவர்களுடைய சமாதானம். அதை நாங்கள் ஏற்கவில்லை.

எங்கள் பிரச்சினை அழகு அல்ல; பொருள். கவிதை ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்தபோது, 'ஏரி' இருக்கவேண்டிய இடத்தில் 'எரி' இருந்ததை எங்களில் மூவர் திரையில் படித்தும் கவனிக்கவில்லை. அச்சுப்படி கைக்கு வந்த பிறகே கண்ணில் பட்டது. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது அடியில் ஒரு சிறு கோடு. 'பல்' என்பதையும் 'பல' என்பதையும் பிரிப்பது தலைக்கு மேல் ஒரு புள்ளி. அங்குலத்துக்கு 96 பிக்சல்கள் கொண்ட திரையில் 12 பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கும் மொத்த உயரம் 16 பிக்சல்கள்தான். 600 டிபிஐ லேசர் அச்சுப்பொறியில் அதே எழுத்துக்கு 100 கிடைக்கிறது. பதினாறுக்குள் கொம்பும் சுழியும் காலும் இடம்பிடித்தபின் மெய்யின் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அதையும் கவனமின்றி வரைந்தால் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை; எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் தலைமுறை, இவற்றையெல்லாம் இடம் நோக்கி ஊகித்தே படிக்கவேண்டியிருந்தது. அச்சு வந்து அந்தச் சுமையை நம் தலையிலிருந்து இறக்கியது. அச்சு மீட்டுத் தந்ததைத் திரையில் மறுபடி தொலைப்பதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு காலத்தில் தொழில்நுட்பத்தின் மீது பழி போட நியாயம் இருந்தது. லினக்ஸில் எழுத்தைத் திரையில் வரைவது ஃப்ரீடைப் என்ற மென்பொருள். ட்ரூடைப் எழுத்துருக்களுக்குள் பொதிந்துள்ள வரைகட்டளைகளை நிறைவேற்றும் முறைக்கு ஆப்பிள் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அது 2010 மே மாதம் முடிந்தது. அவ்வாண்டே வெளியான ஃப்ரீடைப் 2.4 அம்முறையை இயல்பாகவே சேர்த்துக்கொண்டது. ஒரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் கிளியர்டைப்பை மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்தது. அதன் காப்புரிமைகளும் 2019இல் காலாவதியாகிவிட்டன. பூட்டுகள் கழன்று ஆண்டுகள் ஆயின. கதவைத் தள்ளித் திறக்கத்தான் நம்மில் பலருக்கு மனமில்லை.

மென்மை என்றால் மங்கல், கூர்மையே வாசிப்புக்கு உகந்தது என்று வாதிடும் தொழில்நுட்ப நண்பர்களும் உண்டு. அவர்கள் சொல்வது நேர்க்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்துக்குப் பொருந்தலாம். செங்குத்துக் கோட்டைப் பிக்சல் வரிசையோடு இழுத்து நிறுத்தினால் அது கூர்மையாகத் தெரியும். ழகரத்தையும் ஞகரத்தையும் அப்படி இழுத்து நிறுத்திப் பாருங்கள்: வளைவு முறியும், சுழி அடைபடும். வளைவுகளால் ஆன எழுத்துக்கு வேண்டியது விளிம்பில் சாம்பல் நிறத்தின் பல படிகளும், உயரத்தை மட்டும் ஒழுங்குசெய்து அகலத்தைத் தொடாமல் விடும் மிதமான திருத்தமும்தான்.

இதைச் செய்ய நிரலாளராக இருக்கவேண்டியதில்லை. எந்த எழுத்துருவை எப்படி வரைவது என்று தீர்மானிப்பது ஃபாண்ட்கான்ஃபிக். உங்கள் இல்ல அடைவில், அதற்கான அமைப்புக் கோப்பில், நான்கு செய்திகளைச் சொன்னால் போதும்: விளிம்பை மென்மையாக்கு, திருத்தத்தை மிதமாக வை, திரையின் வண்ணக் கீற்றுகள் இன்ன வரிசையில் உள்ளன, தமிழுக்கு இன்ன எழுத்துருவைப் பயன்படுத்து. கடைசிச் செய்தியைச் சொல்லாவிட்டால், தமிழ் எழுத்துகள் உள்ள ஏதோ ஓர் எழுத்துருவை அதுவே எடுத்துக்கொள்ளும். லோஹித் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் என்று தேர்ந்துகொள்ள எழுத்துருக்கள் இருக்கின்றன. கோப்பைத் திருத்தத் தயங்குவோர் க்னோமில் ட்வீக்ஸ் செயலியிலும், கேடிஇயில் எழுத்துரு அமைப்புப் பக்கத்திலும் முதல் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

மென்பொருள் ஆக்குவோரிடமும் எங்களுக்கு வழக்கு உண்டு. 2020 டிசம்பரில் வெளியான ஜிடிகே 4 வண்ணக் கீற்று முறையைக் கைவிட்டுச் சாம்பல் முறையோடு நிறுத்திக்கொண்டது. அடர்த்தி மிகுந்த புதிய திரை உள்ளவருக்கு இதனால் இழப்பில்லை. 15.6 அங்குலத்தில் 1366க்கு 768 பிக்சல்கள் கொண்ட, அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சல்களே உள்ள பழைய மடிக்கணினியில் படிப்பவருக்கு இழப்பு உண்டு. பழைய கணினிக்கு உயிர் கொடுப்பது லினக்ஸ் என்று மேடைதோறும் பேசிவிட்டு, அந்தக் கணினியின் திரையை மறந்து முடிவெடுப்பது என்ன அறம்?

எனினும் முதல் குற்றம் நம்முடையதே. கேட்காதவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. தமிழ் சிதைந்து தெரிந்தால் வழு என்று பதிவு செய்ய நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? நண்பருக்கு லினக்ஸ் நிறுவித் தருவோர், தமிழ் எழுத்துருவையும் அமைத்துத் தந்துவிட்டே எழுந்திருக்க வேண்டும். இதழ் நடத்துவோர், ஒழுங்காக அமைக்கப்படாத திரையில் மெய்ப்புப் பார்க்க மறுக்க வேண்டும். அரை மணி நேர வேலை இது. ஒரு கவிஞரின் ஏரியில் தீ வைத்துவிட்டு அடுத்த இதழில் வருத்தம் தெரிவிப்பதைவிட இது எளிது.