அடித்தவன் பெயர் எங்கே?

பாலக்கோட்டு டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, வேலைக்குக் கிளம்பியவர்கள் நின்று கேட்டுப் போவது வழக்கம். நல்ல வழக்கம்தான். படித்து முடித்ததும் ஒன்று கேளுங்கள்: இந்தச் சேதியில் பேசுவது யார்?

நம் ஊர்த் தக்காளியையே பாருங்கள். விலை ஏறினால் இல்லத்தரசிகளின் கண்ணீர் கொட்டை எழுத்தில் வருகிறது. பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் விவசாயி ரோட்டில் கொட்டினால் உள்பக்கத்தில் ஒரு மூலை. இரண்டும் பொய்யல்ல. ஆனால் கூடை சுமந்த பெண்ணின் அன்றைய கூலி என்ன? அது இரண்டிலும் இராது.

தக்காளியோடு போனால் பரவாயில்லை. இதே தருமபுரி மாவட்டத்தில், அரூர்ப் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்தார்கள். சந்தனக்கட்டைக் கடத்தலைப் பிடிக்கப் போனோம் என்பது அதிகாரிகள் தந்த சேதி. நடந்ததோ அடி, உதை, சூறை. 18 பெண்கள் மீது பலாத்காரம். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அம்மக்களிடமே கேட்டு வழக்குத் தொடுத்தன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள்! 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'கடத்தல்காரர்' என்ற ஒரு சொல்லைத் துடைக்க எத்தனை ஆண்டுகள், பாருங்கள்.

இன்னொரு சொல் 'மோதல்'. இதில் அடித்தவனும் கிடையாது, அடிபட்டவனும் கிடையாது. தஞ்சைச் சீமையின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அதையும் விவசாயிகளுக்குள் நடந்த தகராறு என்று எழுதிய ஏடுகள் உண்டு. குடிசைக்குள் இருந்த கைக்குழந்தை யாரோடு மோதிற்று? அங்கே மிராசுதார்கள் வைத்திருந்த சங்கத்தின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: நெல் உற்பத்தியாளர் சங்கம்! சேற்றில் கால் வைக்காதவன் உற்பத்தியாளன்; நாற்று நட்டவள் கலகக்காரி.

ஆலைச் சேதியும் இதே ரகந்தான். 'வேலைநிறுத்தத்தால் இத்தனை லட்சம் நஷ்டம்' என்பார்கள். கணக்குக் கொடுத்தது நிர்வாகம். நின்றுபோன கூலி எவ்வளவு, பாக்கி போனஸ் எவ்வளவு என்று ஆலை வாசலில் நிற்பவனைக் கேட்டிருந்தால் அதற்கும் கணக்கு வந்திருக்கும்.

நமது ஏட்டையும் தோழர்கள் இப்படியே படிக்கவேண்டும். நமக்கும் ஒரு பக்கம் உண்டு, அதை ஒளிப்பதில்லை. ஆனால் பக்கம் இருப்பது வேறு, பொய் எழுதுவது வேறு. எங்கள் சேதியில் சம்பவ ஊரின் குரல் இல்லாவிட்டால் சும்மா விடாதீர்கள், கடிதம் போடுங்கள். அடுத்த முறை 'மோதல்' என்று படித்தால், அந்த ஊர் ஆள் சந்தைக்கு வருவார், அவரிடம் நேரில் விசாரியுங்கள்.