73 மணி நேரம் முடங்கிய ராப்லாக்ஸ்: காரணத்தைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு தாமதம்?

போனில் ஒரு ஆப் திறக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? மூடிவிட்டுத் திரும்பத் திறப்போம். அப்பவும் சரியாகலைன்னா போனையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். ஆனால் ஆயிரக்கணக்கான சர்வர்கள் முடங்கும்போது அவசரப்பட்டு இதே வைத்தியத்தைச் செய்தால், எதனால் முடங்கியது என்பதற்கான தடயமும் சேர்ந்தே அழிந்துவிடும்.

தடயம் கிடைக்காமல் ஒரு பெரிய நிறுவனம் எப்படித் திணறியது என்பதற்கு ராப்லாக்ஸ் நல்ல உதாரணம். 2021-ல் தினமும் சுமார் 5 கோடி பேர் விளையாடிய அமெரிக்க கேமிங் தளம் இது. 2021 அக்டோபர் 28 அன்று முடங்கியது, அக்டோபர் 31 மாலைதான் முழுமையாகத் திரும்பியது. மொத்தம் 73 மணி நேரம்!

அன்றைக்குத்தான் சிபோட்லே உணவகம் ராப்லாக்ஸில் இலவச பரிட்டோ சலுகை அறிவித்திருந்தது. 'பரிட்டோவுக்கு வந்த கூட்டத்தால்தான் சர்வர் படுத்துவிட்டது' என்று சோஷியல் மீடியாவில் கிண்டல் பறந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிறுவனம் மறுத்தது. உண்மையான காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது.

என்ன நடந்தது?

ராப்லாக்ஸிடம் 18,000-க்கும் மேற்பட்ட சர்வர்கள் இருந்தன. எந்தச் சேவை எந்த மெஷினில் ஓடுகிறது என்று சொல்லும் முகவரிப் புத்தகம் மாதிரி ஒரு மென்பொருள் உண்டு. பெயர் கன்சல். இதுவும் தனி மெஷினில் இல்லை, சில சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரில் ஓடியது. ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும் என்பதற்காகத்தான் கிளஸ்டர். ஆனால் இந்த முறை எல்லாமே ஒன்றாக மந்தமாகிவிட்டன. முகவரி கிடைக்காததால் மற்ற சேவைகள் ஒன்றையொன்று தேட முடியவில்லை.

முதலில் ஹார்டுவேர் மேல் சந்தேகம். ஒரு சர்வரை மாற்றினார்கள், பலனில்லை. அடுத்து, இன்னும் சக்தி வாய்ந்த மெஷின்களுக்கு மாற்றினார்கள்: 64 கோர் இருந்த இடத்தில் 128 கோர். அதுவும் உதவவில்லை. கோளாறின் தன்மைக்கு அந்தப் புது மெஷின்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கின என்பது பின்னால்தான் தெரிந்தது. பிறகு, கிளஸ்டரையே நிறுத்தி பழைய பேக்கப்பில் இருந்து திரும்ப எழுப்பினார்கள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது, மறுபடியும் மந்தம்.

கண்காணிக்கும் கண்ணும் மூடியது

இங்கேதான் பெரிய சிக்கல். எந்த சர்வரில் என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டிய கண்காணிப்பு அமைப்புகளே கன்சலை நம்பித்தான் இருந்தன. கன்சல் விழுந்ததும் அவையும் கைவிட்டன. வீட்டில் கரண்ட் போனதும், கரண்டில் ஓடும் சிசிடிவியும் நின்றுபோகிற கதைதான்.

அதே மாதம் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப் சுமார் 6 மணி நேரம் முடங்கியபோதும் இதே கதை. கோளாறைப் பார்க்க உதவும் உள் கருவிகளும் சேர்ந்தே செயலிழந்ததால், இன்ஜினியர்கள் நேரில் டேட்டா சென்டருக்கே போக வேண்டியிருந்தது.

அப்படியென்றால் எதைச் சேகரிக்க வேண்டும்? சர்வர் எழுதிவைக்கும் லாக் ஃபைல்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பல நேரம் அதில் 'தாமதம், தாமதம்' என்றுதான் இருக்கும், ஏன் என்று இருக்காது. அந்த நொடியில் பிராசஸர் எந்த வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மெமரியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். மெமரியில் இருப்பது ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். அதனால் அனுபவசாலிகள் ஒரு மெஷினை மட்டும் கிளஸ்டரில் இருந்து பிரித்து, தொடாமல் அப்படியே வைத்துவிட்டு மற்றதை ரீஸ்டார்ட் செய்வார்கள். எல்லா மெஷினின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் எது முதலில் விழுந்தது என்பதே குழம்பிவிடும்.

ராப்லாக்ஸில் விடை கிடைத்ததும் இந்த வழியில்தான். பிராசஸர் எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்ற பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, கன்சலில் 'ஸ்ட்ரீமிங்' என்ற புது வசதி மாட்டியது. முடக்கத்துக்கு முந்தைய நாள்தான் டிராஃபிக்கைப் பிரித்து அனுப்பும் சேவைக்கும் அதை ஆன் செய்திருந்தார்கள். ஒரு நாள் ஒழுங்காக ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'கடைசியாக எதை மாற்றினோம்' என்ற பட்டியலும் தடயம்தான் என்பது இதனால்தான். அக்டோபர் 30-ல் அதை ஆஃப் செய்ததும் கன்சல் பழைய வேகத்துக்கு வந்தது.

கூடவே இன்னொரு கோளாறும் இருந்தது. கன்சலின் டேட்டாபேஸ், 16 கேபி-க்கும் குறைவான தகவலை எழுத ஒவ்வொரு முறையும் 7.8 எம்பி அளவுள்ள உள் பட்டியலையும் சேர்த்தே எழுதிக்கொண்டிருந்தது. இதனால் சில சர்வர்கள் மட்டும் தனியாக மந்தமாகின.

சரியான பிறகும் கதவை ஒரேயடியாகத் திறக்கவில்லை. விளையாடுபவர்களை 10 சதவீதம், 10 சதவீதமாக உள்ளே விட்டார்கள். முழு விசாரணை அறிக்கை 2022 ஜனவரி 20 அன்று வெளியானது. கண்காணிப்பு அமைப்புகள் இனி கன்சலை நம்பி இருக்காதபடி பிரித்துவிட்டதாக அதில் நிறுவனம் தெரிவித்தது.