தடயத்துக்குத் தனிக் கட்டணமா?
2023 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மின்னஞ்சல்களை வெளியாள் படிப்பது தெரியவந்தது. எந்தக் கணக்கின் அஞ்சலை எந்தச் செயலி திறந்தது எனக் குறித்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை வடிகட்டி, வழக்கத்துக்கு மாறானதைக் காட்டும் விதியொன்றை அத்துறையின் பாதுகாப்புக் குழு முன்பே எழுதிவைத்திருந்தது. அதுதான் மணியடித்தது. அதற்குள் சீன ஊடுருவிகள் அங்கிருந்து மட்டும் சுமார் 60,000 அஞ்சல்களை அள்ளியிருந்தார்கள்.

அந்தப் பதிவோ, கூடுதல் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. கட்டாத இடத்திலும் திருட்டு நடந்தது. தேடிப் பார்க்கத் தடயம்தான் இல்லை.

இது அநியாயம். தன் கணக்கில் யார் நுழைந்தார் என்று அறிவது வாடிக்கையாளரின் உரிமை, தனியாக விற்கும் சரக்கல்ல. கண்டனங்களுக்குப் பிறகு, ஜூலையில், இந்தப் பதிவுகளைக் கூடுதல் கட்டணமின்றித் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சாதாரணச் சந்தாதாரர்களின் பதிவுகளை 90 நாளுக்குப் பதில் 180 நாள் வைத்திருக்கவும் ஒப்புக்கொண்டது.