தேய்ந்த முழங்காலும் தீராத மூட்டையும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மிளகு, சுக்கு மணத்தை மெச்சாத சுற்றுலாக் கட்டுரை இல்லை. அந்த மூட்டைகள் கிடங்குக்குள் போனது தொழிலாளிகளின் தலையிலும் முதுகிலும். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளை வீசுவார். முண்டியடித்துப் பிடித்தவருக்கு மட்டும் அன்று வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சாப்பா ஒழிந்தது, மூட்டை ஒழியவில்லை. ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிபாரிசு செய்தது 1967ல். கேரளம் 75 கிலோ வரம்பை அந்த அளவுக்கு இறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வருடக்கணக்காகப் பாரம் தூக்கினால் முழங்கால் மூட்டு தேயும். தேய்ந்ததை மாற்றவும் வழி உண்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. சுமார் 1.58 லட்சம் ரூபாய்க்கு விற்ற கோபால்ட்-குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் மலிந்தது மூட்டு மட்டுமே. அறை வாடகைக்கும் டாக்டர் கட்டணத்துக்கும் அந்த உத்தரவில் வரம்பில்லை. கேரளத்தின் காருண்யா காப்பீட்டில் சேர்ந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். படுத்திருக்கும் வாரங்களின் கூலி அதில் சேராது.

பெரிய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளம் பக்கம். மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ வந்ததே 2025 அக்டோபரில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கூடவே போகும் மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய சம்பளம் போச்சு.

இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொல்வதுதான் சிக்கல்: கனமாக எதையும் தூக்காதீர்கள், குந்தி உட்காராதீர்கள். பென்ஷன் வாங்கும் அதிகாரிக்கு இது சுலபம்; காலை நடை திரும்பக் கிடைத்தால் போதும். சுமைத் தொழிலாளிக்கோ அது வேலைநீக்க உத்தரவு. வேறு வேலை தருவதாக எந்தக் காப்பீட்டு அட்டையும் சொல்வதில்லை. சென்னை கோயம்பேட்டிலும் தில்லி ஆசாத்பூரிலும் மூட்டை தூக்குகிறவர்களின் நிலை வேறல்ல.

ஆகவே அவர் ஆபரேஷனைத் தள்ளிப் போடுகிறார். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிகிறார். அந்த மாத்திரையை வருடக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெடலாம். அதற்கான வைத்தியத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் புது முழங்கால் மலிவு.